அழித்த படம் எப்படித் திரும்பக் கிடைக்கிறது?

ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டீர்கள். அப்புறம்தான் தெரிகிறது, அதில் குழந்தையின் பிறந்தநாள் படங்கள் இருந்தன. போனது போனதுதானா?

பதறாதீர்கள். நூலகப் பட்டியலிலிருந்து ஒரு புத்தகத்தின் பெயரை அடித்துவிட்டால் புத்தகம் மறைந்துவிடுமா? அந்த இடத்தில் வேறு புத்தகம் வைக்கும்வரை அலமாரியில்தான் இருக்கும்.

ஹார்ட் டிஸ்க்கிலும் இதுதான் நடக்கிறது. விண்டோஸ் அடிப்பது பெயரை மட்டுமே.

ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பட்டியலை நம்புவதே இல்லை. ஜேபெக் படங்கள் எல்லாம் ஒரே அடையாளக் குறியோடுதான் தொடங்கும். வட்டு முழுக்க அந்தக் குறியைத் தேடிப் படத்தை வெளியே எடுக்கிறது. அருமையான உத்தி! ஆனால் கோப்பின் பழைய பெயர் பெரும்பாலும் திரும்பாது.

எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு குறைவு. அதிலுள்ள ட்ரிம் வசதி காலி இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடும்.

படம் போனது தெரிந்ததும் அந்த டிரைவில் எதையும் சேமிக்காதீர்கள். மீட்பு மென்பொருளைக்கூட பென் டிரைவிலிருந்தே இயக்குங்கள்.