டிக்டிக் சத்தமும் டயஃபிரமும்

மீஞ்சூரைத் தாண்டிக் காட்டூர், பழவேற்காடு பக்கம் பழைய காரில் போகிறவர்களுக்குச் சித்திரை, வைகாசியில் ஒரு கவலை உண்டு. டாங்கியில் இருக்கும் பெட்ரோல் கார்புரேட்டர் வரை ஒழுங்காக வந்து சேருமா? முன்பு அந்த வழியில் மாட்டுவண்டியும் எப்போதோ ஒரு பேருந்தும்தான் எதிரே வரும். 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தது. இப்போது கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். ஓடும் காருக்குக் காற்று இருக்கும். நிற்கும் காரின் பானெட்டுக்குள் சூடு மட்டும்தான் ஏறும். குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப் வெறும் ஆவியைத்தான் இழுக்கும். ‘ஏர் லாக்’ என்று டிரைவர்கள் சொல்வது இதைத்தான்.

இதற்கு இன்று எல்லோரும் சொல்லும் வைத்தியம், பழைய பம்பைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் பம்ப் போடுவது. மெக்கானிக்கல் என்றால் பழசு, எலக்ட்ரிக் என்றால் புதுசு என்று நினைத்துச் சொல்கிறார்கள். கணக்கு அவ்வளவு நேராக இல்லை. மதராஸ் டாக்டர்களும் வக்கீல்களும் விரும்பி ஓட்டிய மோரிஸ் மைனரில் அப்போதே எஸ்.யூ. எலக்ட்ரிக் பம்ப்தான் இருந்தது. சாவியைத் திருப்பினால் டிக், டிக், டிக் என்று வேகமாக அடிக்கும். கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் நிதானித்து நின்றுவிடும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் டாங்கி காலி, அல்லது எங்கோ ஒழுகுகிறது. அடிக்கவே இல்லை என்றால் உள்ளே இருக்கும் பாயிண்ட் கருகிவிட்டது. ஸ்பானரின் பின்பக்கத்தால் பம்பின் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி அடிக்க ஆரம்பிக்கும். வீடு போய்ச் சேர்ந்து, மூடியைக் கழற்றி, பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

மெக்கானிக்கல் பம்ப் வேறு ஜாதி. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1961 முதல் தயாரித்த ஹெரால்டில் இருந்தது இதுதான். பிற்கால அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும், 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-லும் இதே வகைதான். தயாரித்த கம்பெனியின் பெயரை வைத்துப் பழைய மெக்கானிக்குகள் ‘ஏ.சி. பம்ப்’ என்பார்கள். கேம்ஷாஃப்ட் சுற்றும்போது ஒரு கை மேலும் கீழும் ஆடும். அது ரப்பர் பூசிய துணி டயஃபிரத்தைக் கீழே இழுக்கும். அடியில் இருக்கும் ஸ்பிரிங் அதைத் திரும்ப மேலே தள்ளும். கார்புரேட்டர் நிறைந்து ஊசி அடைத்துக்கொண்டால், ஸ்பிரிங்கால் தள்ள முடியாமல் டயஃபிரம் அப்படியே காத்திருக்கும். ஒயர், ஃபியூஸ், ரிலே எதுவும் வேண்டாம். எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். இந்தக் கடைசி விஷயத்தின் அருமை, கார் எங்காவது மோதிக் கவிழ்ந்தால்தான் தெரியும்.

ஹெரால்டு பம்பின் மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். தண்ணீர் கலந்திருக்கிறதா, துரு இறங்கியிருக்கிறதா என்று பானெட்டைத் திறந்ததுமே தெரிந்துவிடும். பக்கத்தில் ஒரு சின்ன லீவர். மாதக்கணக்கில் நின்ற காரை எடுக்கும்போது அதை விரலால் ஏழெட்டுத் தடவை அடித்தால் கிண்ணம் நிறையும். பேட்டரியை வீணாக்க வேண்டியதில்லை. பழவேற்காட்டுக்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். அவுட்போர்டு மோட்டார் கட்டிய படகில், கயிற்றை இழுக்கும் முன் ஹோசில் இருக்கும் ரப்பர் பந்தை அமுக்குவதும் இதே வேலைதான். அந்த மோட்டாருக்குள் இருப்பதும் ஒரு டயஃபிரம் பம்ப்தான்.

மெக்கானிக்கல் பம்புக்கும் நோய் உண்டு. எஞ்சினோடு ஒட்டியே இருப்பதால் அதன் சூடு முழுவதையும் இதுவும் வாங்கிக்கொள்ளும். அன்றைய டிரைவர் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, கால்மணி நேரம் மரநிழலில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புவார். லாரிக்கும் லாரிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட காருக்கு அந்தக் கால்மணி நேரத்தை இன்று யார் கொடுப்பார்கள்? இன்னொன்று, சத்தமில்லாத ஆபத்து: டயஃபிரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலோடு போய்க் கலந்துவிடும். டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பார்க்கும் பழக்கம் அப்போது எல்லா டிரைவர்களுக்கும் இருந்தது. இப்போது காரின் சொந்தக்காரர்களில் எத்தனை பேர் டிப்ஸ்டிக்கைத் தொடுகிறார்கள் என்று தெரியவில்லை.

பம்பை விடப் பெரிதாக மாறியது பெட்ரோல்தான். 2000 பிப்ரவரியோடு நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமாகி, 2025-க்குள் பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் அதுவே கிடைக்கும் நிலை வந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய வகை ரப்பரை ஊதவைத்து இளக்கிவிடும். அன்று பல வருடம் தாங்கிய டயஃபிரம் இன்று சீக்கிரமே தளர்வதற்கு பம்பைக் குறை சொல்லிப் பயனில்லை. அதே பெட்ரோல் எலக்ட்ரிக் பம்பின் ரப்பரையும் ஹோசையும் விட்டுவைக்காது என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எலக்ட்ரிக் பம்பில் லாபம் இல்லாமல் இல்லை. பின்னால் டாங்கிக்குப் பக்கத்தில், தாழ்வாக வைத்தால் எஞ்சின் சூடு அதை அண்டாது. இழுப்பதை விடத் தள்ளுவதில்தான் அதற்குத் திறமை. குழாய் முழுக்க அழுத்தத்தில் இருப்பதால் ஏர் லாக் குறையும். ஆனால் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் கிடைத்ததை எல்லாம் வாங்கி மாட்டக் கூடாது. கார்புரேட்டருக்கு வேண்டியது சதுர அங்குலத்துக்கு 2 முதல் 4 பவுண்டு அழுத்தம், எஸ்.யூ. கார்புரேட்டருக்கு ஒன்றரையே போதும். இன்றைய எம்.பி.எஃப்.ஐ. காரின் பம்ப் தள்ளுவது 40 பவுண்டுக்கு மேல். அதைப் பழைய காரில் மாட்டினால் ஊசி தாங்காது. பெட்ரோல் வழிந்து சூடான எஞ்சின் மேல் கொட்டும். கடலோர உப்புக்காற்றில் எர்த் பூத்துப்போய் பம்ப் திடீரென்று நின்றுவிடுவதும் உண்டு. ஸ்பானரால் தட்டினால் ஓடுகிற பம்பும் இல்லை இது. மூடி சீல் வைத்தது. கெட்டால் புதிது வாங்க வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால், ஹெரால்டு, அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கல் பம்பையே வைத்துக்கொள்ளலாம். எத்தனால் தாங்கும் ரப்பரில் செய்த டயஃபிரம் கிட்டும் ஹோசும் வாங்கிப் போடுங்கள். பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள். நெரிசலில் தினமும் ஓட்டுகிறவர்கள் மட்டும் குறைந்த அழுத்த எலக்ட்ரிக் பம்பைப் பற்றி யோசிக்கலாம். அப்படிப் போட்டால் தனி ஃபியூஸ், ரிலே, சேஸிசுக்கு நேராக ஒரு எர்த் ஒயர், கூடவே மோதினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு சுவிட்ச் வேண்டும். அந்த சுவிட்சுக்குச் செலவு செய்ய மனமில்லாதவர்கள் எலக்ட்ரிக் பம்பைத் தொட வேண்டாம்.