அம்மாவின் ஈயச்சொம்பு

அம்மா போனபிறகு, "உனக்கு என்ன வேணும்?" என்று அண்ணன் கேட்டான். ஈயச்சொம்பை வாங்கிக்கொண்டு சிகாகோ வந்தேன். அம்மாவின் ரசம் அதில்தான் கொதிக்கும்.

அடுப்பில் ஏற்றுமுன் ஒரு சந்தேகம். ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு உலோகங்களை வைத்திருக்கிறோம். ரசத்துக்கு உகந்தது வெள்ளீயம். 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் அம்மா பதறியது அதனால்தான். காரீயமோ நஞ்சு. குழந்தைகளுக்கு இவ்வளவுவரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. புளியும் தக்காளியும் அதைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். விலை மலிவு என்பதால் வெள்ளீயத்தில் அதைக் கலப்பதும் உண்டு.

சொம்பைத் தண்ணீரில் அமிழ்த்தி நிறுத்துப் பார்த்தேன். அடர்த்தி 7.4. சுத்த வெள்ளீயம் 7.3, காரீயம் 11.3. நிம்மதியாகத்தான் இருந்தது, நூறு கிராமில் ஐந்து கிராம் காரீயம் இருந்தாலும் 7.4தான் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை. (முதுகலைப் பொறியியலின் பயன்!) எக்ஸ் கதிர்ச் சோதனைக்குக் கொடுத்தேன். காரீயம் இருந்தது.

மகளுக்கு நான்கு வயது. ரசம் இப்போது எவர்சில்வரில் கொதிக்கிறது. சொம்பு ஜன்னலோரம் இருக்கிறது. அண்ணனும் நானும் அந்தச் சொம்பு ரசத்தில்தான் வளர்ந்தோம். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.