மதியம் இரண்டரை மணி... அயனம்பாக்கம் பையனுக்கு வெள்ளைக் காய்! குகேஷ் - டிங் லிரென் மோதலில் என்ன எதிர்பார்க்கப்பட்டது?

அம்பத்தூரிலிருந்து வானகரம் போகும் சாலையில் பயணித்தால், ஏரியும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பள்ளி வேன்களுமாக ஓர் ஊர் வரும். பெயர் அயனம்பாக்கம். மேல் அயனம்பாக்கத்தில் உள்ள வேலம்மாள் வித்யாலயா பள்ளியில், 2013-ம் ஆண்டு ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் செஸ் வகுப்பில் சேர்ந்தான். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். மற்ற பிள்ளைகளைப் போலத்தான் அவனும் யானை எப்படிப் போகும், குதிரை எப்படித் தாவும் என்று கற்றுக்கொண்டான்.

அந்தச் சிறுவன்தான் டி.குகேஷ். 2024-ல் வயது 18. 2024 நவம்பர் 25, திங்கட்கிழமை, இந்திய நேரப்படி மதியம் 2.30 மணிக்கு சிங்கப்பூரில் உலக சாம்பியன் பட்டத்துக்கான முதல் ஆட்டத்தில் அமர்ந்தார். எதிரில் இருந்தவர் அன்றைய நடப்பு சாம்பியன், சீனாவின் டிங் லிரென். அப்போது வயது 32.

ஜெயித்தால், செஸ் வரலாற்றிலேயே மிக இளைய உலக சாம்பியன் குகேஷ்தான் என்ற நிலை. 1985-ல் 22 வயதில் கேரி காஸ்பரோவ் படைத்த சாதனை, அதுவரை 39 ஆண்டுகளாக யாராலும் அசைக்க முடியாமல் நின்றது.

சென்னைக்கு வர வேண்டிய போட்டி!

இந்தப் போட்டியை நடத்த தமிழக அரசும் விண்ணப்பித்திருந்தது. டெல்லியில் நடத்த அகில இந்திய செஸ் கூட்டமைப்பும் விண்ணப்பித்தது. கடைசியில் வாய்ப்பு சிங்கப்பூருக்குப் போனது. அங்கே சென்டோசா தீவில், ரிசார்ட்ஸ் வேர்ல்டு வளாகத்தில் உள்ள ஈக்வேரியஸ் ஹோட்டலில் ஆட்டங்கள் நடந்தன.

சென்னை கடைசியாக இப்படியொரு மோதலைப் பார்த்தது 2013 நவம்பரில். அப்போது விஸ்வநாதன் ஆனந்த், சொந்த ஊரில் மேக்னஸ் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். குகேஷ் செஸ் கற்க ஆரம்பித்ததும் அதே ஆண்டில்தான். பதினோரு ஆண்டுகள் கழித்து அந்தப் பட்டத்தை மீண்டும் சென்னைக்குக் கொண்டுவரும் வாய்ப்பு, அன்று புதிதாகக் காய் நகர்த்தப் பழகிய அந்தச் சிறுவனுக்கே கிடைத்தது.

இன்னொரு விசேஷமும் உண்டு. அதிகாரபூர்வமான உலக சாம்பியன் போட்டி 1886-ல் தொடங்கியது. அதன்பின் 138 ஆண்டுகளில் ஆசியாவைச் சேர்ந்த இருவர் இந்தப் பட்டத்துக்காக நேருக்கு நேர் மோதியது அதுவே முதல் முறை.

பட்டம் எப்படி முடிவாகும்?

கிரிக்கெட் டெஸ்ட் தொடரைப் போல இதை நினைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் முடிந்துவிடாது. மொத்தம் 14 ஆட்டங்கள். வென்றால் ஒரு புள்ளி, டிரா என்றால் ஆளுக்கு அரைப் புள்ளி. முதலில் 7.5 புள்ளியை எட்டுபவருக்கே பட்டம்.

ஒவ்வொருவருக்கும் முதல் 40 நகர்த்தல்களுக்கு 2 மணி நேரம். அதன்பின் மிச்ச ஆட்டத்துக்கு அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். 41-வது நகர்த்தலிலிருந்து ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி சேரும். அதாவது முதல் 40 நகர்த்தல் வரை, கடிகாரத்தில் நேரம் கரைந்துகொண்டே இருக்கும். ஒரு விநாடிகூடத் திரும்ப வராது. 30-வது நகர்த்தலைத் தாண்டியதும் ஆட்டம் சூடுபிடிப்பது இதனால்தான்.

'இரண்டு பேரும் பேசிவைத்து டிரா செய்துவிட்டால்?' என்ற சந்தேகம் வரலாம். 40 நகர்த்தல்கள் முடியும் வரை டிரா கேட்கவே கூடாது என்பது விதி. ஒரே நிலை மூன்று முறை வந்தால் மட்டும் விதிவிலக்கு.

14 ஆட்டங்களின் முடிவில் 7-7 என்று நின்றால், டிசம்பர் 13 அன்று டை பிரேக்கர். முதலில் தலா 15 நிமிட ரேபிட் ஆட்டங்கள் நான்கு. அதிலும் சமம் என்றால் ஆட்டத்தின் வேகம் இன்னும் கூடும்.

மொத்தப் பரிசுத் தொகை 25 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 21 கோடி ரூபாய். 14 ஆட்டங்களுக்குள் வெல்லும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 2 லட்சம் டாலர், அதாவது ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். மீதித் தொகையை இருவரும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

குகேஷ்: டொரன்டோவில் விழுந்து எழுந்தவர்

குகேஷின் அப்பா ரஜினிகாந்த், காது மூக்கு தொண்டை அறுவை சிகிச்சை மருத்துவர். அம்மா பத்மகுமாரி, நுண்ணுயிரியல் நிபுணர். மகனோடு நாடு நாடாகப் போக வேண்டியிருந்ததால் அப்பா மருத்துவப் பணியையே ஓரம் வைத்தார். வீட்டுச் செலவு அம்மாவின் சம்பளத்தில் ஓடியது. நான்காம் வகுப்புக்குப் பிறகு குகேஷ் முழுநேரமாகப் பள்ளிக்குப் போகவில்லை.

2019 ஜனவரியில், 12 வயது 7 மாதத்தில் கிராண்ட் மாஸ்டர். அன்றைய தேதியில் உலகின் மிக இளைய கிராண்ட் மாஸ்டர் என்ற சாதனை வெறும் 17 நாள் வித்தியாசத்தில் கைநழுவிப் போனது. அவரது பயிற்சியாளர் கிராண்ட் மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, ஆரம்ப ஆண்டுகளில் குகேஷைக் கம்ப்யூட்டர் இன்ஜின் பக்கமே விடவில்லை. விடையை இன்ஜின் சொல்லிவிட்டால் சொந்தமாகக் கணக்குப் போடும் பழக்கம் வராது என்பது அவர் எண்ணம். குகேஷின் பெரிய பலமாக இன்று எல்லோரும் சொல்வது அந்தக் கணக்கிடும் திறனைத்தான்.

2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாட்டில் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்று தங்கம். 2023 செப்டம்பரில், 37 ஆண்டுகளாக இந்தியாவின் நம்பர் 1 இடத்தில் இருந்த ஆனந்தை ரேட்டிங்கில் முந்தினார். அதே ஆண்டு டிசம்பரில் தமிழக அரசு சென்னையில் நடத்திய 'சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ்' போட்டியில் பட்டம் வென்றதுதான், கேண்டிடேட்ஸ் போட்டிக்கு அவர் தகுதி பெற உதவியது.

உலக சாம்பியனை எதிர்க்கப்போவது யார் என்று தீர்மானிப்பது கேண்டிடேட்ஸ். 2024 ஏப்ரலில் கனடாவின் டொரன்டோவில் நடந்தது. அங்கே ஏழாவது சுற்றில் அலிரெஸா ஃபிரோஜாவிடம் நேர நெருக்கடியில் தோற்றார் குகேஷ். 17 வயதுப் பையன் இத்தோடு துவண்டுவிடுவான் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால், அந்தத் தோல்விக்குப் பிறகே தனக்குத் தெம்பு வந்ததாக பின்னர் சொன்னார் குகேஷ். அதன்பின் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. 14-க்கு 9 புள்ளிகளோடு முதலிடம்.

2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டிலும் முதல் போர்டில் ஆடி, 10 ஆட்டங்களில் 9 புள்ளிகள் எடுத்தார். இந்திய அணி முதன்முறையாகத் தங்கம் வென்றது. அதே அணியில் இருந்த பிரக்ஞானந்தா பாடியைச் சேர்ந்தவர். அவருடைய அக்கா வைஷாலி, தங்கம் வென்ற பெண்கள் அணியில் இருந்தார். பாடி மேம்பாலத்துக்கும் அயனம்பாக்கம் ஏரிக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். அந்த வட்டாரத்திலிருந்து மூன்று பேர் ஒரே வாரத்தில் ஒலிம்பியாட் தங்கத்தோடு ஊர் திரும்பினார்கள்.

டிங்: அமைதியான சாம்பியனின் தனிமை

சீனாவின் வென்சோ நகரில் பிறந்தவர் டிங் லிரென். 2017 ஆகஸ்ட் முதல் 2018 நவம்பர் வரை கிளாசிக்கல் ஆட்டங்களில் தொடர்ந்து 100 ஆட்டங்கள் தோற்கவே இல்லை. ஒரு கட்டத்தில் ரேட்டிங் 2816 வரை போனது. கார்ல்சனுக்கு ஈடுகொடுக்கக்கூடியவர் என்று செஸ் உலகம் நம்பிய ஆட்டக்காரர்.

பட்டத்தைத் தக்கவைக்க ஆடப்போவதில்லை என்று கார்ல்சன் விலகிவிட, 2023-ல் கஜகஸ்தானின் அஸ்தானாவில் ரஷ்யாவின் இயான் நெபோம்னியாச்சியைச் சந்தித்தார் டிங். மூன்று முறை பின்தங்கி, மூன்று முறையும் சமன் செய்து, டை பிரேக்கரின் கடைசி ரேபிட் ஆட்டத்தில் பட்டத்தைக் கைப்பற்றினார்.

அதன்பின் வந்த நாள்கள் எளிதாக இல்லை. மன அழுத்தத்தால் அவதிப்பட்டதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். பல மாதங்கள் போட்டிகளுக்கே வரவில்லை. திரும்பி வந்த பிறகும் பழைய டிங்காக இல்லை. 2024 ஜனவரிக்குப் பிறகு இந்த மோதல் தொடங்கும் வரை கிளாசிக்கல் ஆட்டம் ஒன்றில்கூட அவர் வெல்லவில்லை.

குகேஷுக்கு ஆதரவாகக் கைதட்டும்போதும் எதிரில் இருப்பவரின் இந்தக் கதையை மறக்க வேண்டாம். உடல்நலம் போலவே மனநலமும் என்று மேடையில் பேசுவது சுலபம். உலக சாம்பியனாக இருந்துகொண்டு 'எனக்கு முடியவில்லை' என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

யாருக்கு வாய்ப்பு?

2024 நவம்பர் மாத ரேட்டிங் பட்டியலில் குகேஷ் 2783 புள்ளிகளோடு உலகின் 5-வது இடத்தில் இருந்தார். டிங் 2728 புள்ளிகளோடு 23-வது இடத்தில். இந்த 55 புள்ளி வித்தியாசத்தை ரேட்டிங் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 14 ஆட்டங்களில் குகேஷ் எடுக்க வேண்டியது ஏறக்குறைய 8 புள்ளிகள். பட்டத்துக்குத் தேவை 7.5. காகிதத்தில் குகேஷ் முன்னிலை, ஆனால் நூலிழை முன்னிலைதான். கார்ல்சன் உட்பட பல முன்னணி வீரர்கள் குகேஷுக்கே வாய்ப்பு அதிகம் என்றார்கள்.

டிங்குக்குச் சாதகமான கணக்குகளும் இருந்தன.

ஒன்று, நேருக்கு நேர். இருவரும் அதுவரை மூன்று கிளாசிக்கல் ஆட்டங்கள் ஆடியிருந்தார்கள். டிங் இரண்டில் வென்றார், ஒன்று டிரா. குகேஷ் அதுவரை டிங்கை வென்றதில்லை.

இரண்டு, அனுபவம். இப்படி வாரக்கணக்கில் ஒரே ஆளோடு மோதும் சோதனையை டிங் ஏற்கெனவே பார்த்திருந்தார். குகேஷுக்கு அது முதல் முறை.

மூன்று, டை பிரேக்கர். குகேஷ் நிதானமாகக் கணக்குப் போட்டு ஆடுபவர். குறைந்த நேர ஆட்டங்களில் கிளாசிக்கல் அளவுக்கு அவர் அதுவரை மிரட்டியதில்லை. அஸ்தானாவில் பட்டம் வென்றதே ரேபிட் ஆட்டத்தில்தான் என்பதால், 7-7 வந்தால் டிங் வருத்தப்பட மாட்டார் என்ற நிலை. முடிந்தால் 14 ஆட்டங்களுக்குள் கதையை முடிக்க வேண்டிய அவசரம் குகேஷுக்கு இருந்தது.

வெள்ளைக் காய் யாருக்கு என்பதும் முக்கியம். முதலில் நகர்த்துபவருக்குச் சிறு சாதகம் உண்டு. குலுக்கலில் முதல் ஆட்டத்தின் வெள்ளைக் காய் குகேஷுக்குக் கிடைத்தது. அதனால் 1, 3, 5 என ஒற்றைப்படை ஆட்டங்களில் குகேஷுக்கு வெள்ளை. கடைசி ஆட்டத்தில் டிங்குக்கு வெள்ளை. 13-வது ஆட்டம் முடியும்போது குகேஷ் முன்னிலையில் இருந்தால் நல்லது என்ற நிலை.

குகேஷின் பக்கம் தயாரிப்பும் பலமாகவே இருந்தது. ஆனந்தின் குழுவில் முன்பு பணியாற்றிய போலந்தின் கிரெகோர்ஸ் காயெவ்ஸ்கி தலைமைப் பயிற்சியாளர். மனப்பயிற்சிக்கு பேடி அப்டன். தோனி தலைமையில் 2011 உலகக்கோப்பையை வென்ற இந்திய அணியோடு இருந்த அதே அப்டன்தான்.

எப்போது நடந்தது?

எல்லா ஆட்டங்களும் இந்திய நேரப்படி மதியம் 2.30-க்குத் தொடங்கும்படி அட்டவணை இருந்தது. சாதாரணமாக நான்கு மணி நேரம் போகும். இழுத்தால் இரவு 9 மணியைக்கூடத் தொடலாம்.

ஆட்டம் 1, 2, 3: நவம்பர் 25, 26, 27
ஆட்டம் 4, 5, 6: நவம்பர் 29, 30, டிசம்பர் 1
ஆட்டம் 7, 8, 9: டிசம்பர் 3, 4, 5
ஆட்டம் 10, 11, 12: டிசம்பர் 7, 8, 9
ஆட்டம் 13, 14: டிசம்பர் 11, 12
தேவைப்பட்டால் டை பிரேக்கர்: டிசம்பர் 13

பள்ளிப் பிள்ளைகள் முழுதாகப் பார்க்க வசதியானவை சனி, ஞாயிறில் வந்த 5, 6, 10, 11-வது ஆட்டங்கள். அவற்றில் 5, 11 இரண்டிலும் குகேஷுக்கு வெள்ளை. உலக செஸ் கூட்டமைப்பின் யூடியூப் பக்கத்தில் நேரலை இருந்தது. செஸ்பேஸ் இந்தியா சேனலில் நம் ஊர்க் கண்ணோட்டத்தோடு வர்ணனை கேட்க முடிந்தது.

பார்க்கும்போது ஒரு விஷயம். திரையின் ஓரத்தில் ஏறி இறங்கும் பட்டை, யார் முன்னிலை என்று இன்ஜின் சொல்லும் கணிப்பு. அதைப் பார்த்துவிட்டு 'இதுகூடத் தெரியலையா' என்று சொல்லத் தோன்றும். உள்ளே அமர்ந்திருக்கும் இருவருக்கும் அந்தப் பட்டை தெரியாது. கொஞ்ச நேரம் அதை மறைத்துவிட்டு, அடுத்த நகர்த்தல் என்னவாக இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் யோசித்துப் பாருங்கள். ஆட்டத்தின் சுவையே வேறாக இருக்கும்.

பிள்ளைகளை செஸ் வகுப்பில் சேர்த்திருக்கும் பெற்றோர் முகப்பேர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஏராளம். அவர்களில் எல்லோராலும் வேலையை விட்டுவிட்டு மகனோடு நாடு நாடாகப் போக முடியாது. போக வேண்டிய அவசியமும் இல்லை. குகேஷ் வீட்டில் எடுத்த முடிவு பெரும் துணிச்சல். அது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் சூத்திரம் அல்ல. ஆனால், பள்ளி முடிந்து ஒரு மணி நேரம் தொடங்கிய ஓர் ஆட்டம் ஒரு பிள்ளையை எங்கே கொண்டுபோகும் என்பதை அந்த மூன்று வாரங்களில் அந்தப் பெற்றோர் கண்ணால் பார்க்க முடிந்தது.

அந்தத் திங்கட்கிழமை மதியம் இரண்டரைக்கு குகேஷ் முதல் காயை நகர்த்தியபோது, மேல் அயனம்பாக்கத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்திருக்கும். பள்ளி விடும் நேரத்தில் ஆட்டம் சூடுபிடித்திருக்கும். வேனில் ஏறிய பிள்ளைகளின் முதல் கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.