உதடு முந்துகிறது, ஓசை பிந்துகிறது

பழைய கல்யாண கேசட்டைக் கணினியில் ஏற்றி டிவிடி ஆக்குகிறவர்களுக்கு அடிக்கடி வரும் தலைவலி இது: தவில் குச்சி இறங்கி நிமிர்ந்த பிறகுதான் கெட்டிமேளச் சத்தம் கேட்கிறது. உடனே ஒலியை இழுத்து ஒட்டக் கைவைக்காதீர்கள். அந்த இடைவெளி படம் முழுக்க ஒரே அளவா, போகப்போக வளர்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கோப்பை விஎல்சி பிளேயரில் திறந்து, தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடங்களில் சோதியுங்கள். தவில் அடி, கைதட்டல் போன்ற இடங்கள்தான் தோது. பேசும் வாயை வைத்துக் கணிப்பது சிரமம். ஒலி பிந்தினால் ஜே விசை, முந்தினால் கே விசை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் 50 மில்லிசெகண்ட் நகரும். பொருந்தும்போது திரையில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இதனால் கோப்பு மாறாது. இது அளந்து பார்க்க மட்டும்தான்.

மூன்று இடத்திலும் ஒரே எண் வந்தால் உங்களுக்கு யோகம். விர்ச்சுவல்டப் மென்பொருளின் ஆடியோ மெனுவில் இன்டர்லீவிங் பகுதியில் அந்த எண்ணைக் கொடுத்துச் சேமித்தால் வேலை முடிந்தது. ஒலியை முன்னே கொண்டுவர எண்ணுக்கு முன் கழித்தல் குறி போட வேண்டும்.

எண் திடீர் திடீரென்று தாவுகிறதா? பிரேம்கள் விடுபட்டிருக்கின்றன. நம் ஊர் பால் (PAL) வீடியோ முறையில் நொடிக்கு 25 பிரேம், அதாவது ஒரு பிரேமுக்கு 40 மில்லிசெகண்ட். தேய்ந்த டேப்பில் சிக்னல் தடுமாறியோ கணினி திணறியோ 25 பிரேம் போனால், ஒலி ஒரு நொடி பின்தங்கிவிடும். இதைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டலாம்தான். என்னைக் கேட்டால், மற்ற புரோகிராம்களை எல்லாம் மூடிவிட்டு மறுபடி பதிவதே மேல். பதியும்போது விடுபட்ட பிரேம்களின் எண்ணிக்கையில் ஒரு கண் இருக்கட்டும்.

எண் தாவாமல் சீராக வளர்ந்தால், பெரும்பாலும் படத்தைப் பதிந்த கருவியின் கடிகாரமும் ஒலியைப் பதிந்த சவுண்டு கார்டின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். தொடக்கத்தில் சரியாக இருந்து, ஒரு மணி நேர முடிவில் ஒலி 1.8 நொடி பிந்துகிறது என்று வையுங்கள். ஆடாசிட்டி மென்பொருளில் சேஞ்ச் டெம்போ வழியாக 3,600 நொடி ஒலியை 3,598.2 நொடியாகச் சுருக்கினால் போதும். வித்தியாசம் 0.05 சதவீதம்தான், காதுக்குத் தெரியாது.

ஒலியை எம்பி3 ஆக்காமல் வேவ் கோப்பாகவே, 48,000 ஹெர்ட்ஸில் பதியுங்கள். டிவிடிக்கான அளவு அதுதான். 44,100 என்பது ஆடியோ சிடிக்கு உரியது.

முதல் பிரதியை அழித்து எழுதக்கூடிய டிவிடியில் எழுதி, வீட்டு டிவியில் கடைசி நிமிடம்வரை ஓட்டிப் பாருங்கள். அதுவரை கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.