பச்சைக்கல் போன கடல்வழி

தைவான் தீவின் கிழக்குக் கரையில், ஹுவாலியன் பகுதியில் ஃபெங்தியன் என்றோர் ஊர் இருக்கிறது. அதை ஒட்டிய மலையில் நெஃப்ரைட் கிடைக்கிறது. நகைக்கடைகளில் ஜேட் என்று விற்கப்படும் பச்சைக்கல்லில் ஒரு வகை அது. அந்த மலையின் கல்லால் செய்த காதணிகள் ஃபிலிப்பைன்ஸிலும், போர்னியோவின் மலேசியப் பகுதியிலும், தெற்கு வியட்நாமிலும், தாய்லாந்தின் தீபகற்பத்திலும் கிடைத்திருக்கின்றன. கி.மு. 500க்கும் கி.பி. 500க்கும் இடைப்பட்டவை இவை. தென்சீனக் கடலைச் சுற்றி 3,000 கிலோமீட்டர் குறுக்களவுக்கு அந்தக் கல் பரவியிருந்தது. கடல் வணிகம் என்றாலே துறைமுகமும் சுங்கமும் அரசனின் முத்திரையும் நம் நினைவுக்கு வருகின்றன. இந்த வணிகத்தின் பின்னால் அப்படி எதுவும் தென்படவில்லை. தீவுகளிலும் கரையோரச் சிற்றூர்களிலும் வாழ்ந்த, எழுத்து வழக்கமில்லாத கடலோடிகளே இதை உருவாக்கி, தலைமுறை தலைமுறையாக நடத்திவந்தார்கள் என்பதற்குச் சான்றுகள் வலுவாக இருக்கின்றன.

கல் தைவானுடையதுதானா என்பதே முதல் கேள்வி. பக்கத்திலேயே சீனா இருக்கிறது. பச்சைக்கல்லைப் பெரிதும் போற்றிய நாடு அது. அங்கிருந்து வந்திருக்கலாமே என்று ஐயப்படுவது நியாயம்தான். கண்ணால் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. ஆனால் ஃபெங்தியன் கல்லுக்குள் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் உண்டு. துத்தநாகம் கலந்த குரோமைட் கனிமம் அது. கல்லிலுள்ள இரும்புக்கும் மக்னீசியத்துக்குமான விகிதத்தையும் இந்தப் புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தால் பிறந்த மலை தெரிந்துவிடும். ஹ்சியாவ்-சுன் ஹுங், யோஷியுகி ஈசுகா, பீட்டர் பெல்வுட் ஆகியோர் அடங்கிய குழு பல நாடுகளின் அணிகலன்களை எலக்ட்ரான் கற்றையால் ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டது. கல்லின் ஊர் பற்றிய சந்தேகம் அதோடு பெருமளவு தீர்ந்தது.

கல் தொலைவுக்குப் போனது என்பதால் மனிதரும் அவ்வளவு தூரம் போனார்கள் என்று சொல்லிவிட முடியுமா? ஓர் ஊர்க்காரர் அடுத்த ஊருக்கும், அவர் அதற்கடுத்த ஊருக்குமாகக் கைமாற்றியே பொருள் ஆயிரம் மைல் தாண்டிவிடலாம். இந்த மறுப்பை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். உலகில் பல பண்டங்கள் அப்படித்தான் பயணம் செய்தன. ஆனால் இங்கே கடலைக் கடந்தது செய்துமுடித்த நகை மட்டுமில்லை. தைவானுக்கும் ஃபிலிப்பைன்ஸின் லூசோன் தீவுக்கும் நடுவிலுள்ள பத்தானஸ் தீவுக்கூட்டத்தில் அனாரோ என்ற இடத்திலும், தாய்லாந்தின் காவ் சாம் கேவிலும், அறுத்துக் கழித்த பச்சைக்கல் துண்டுகள் அகழாய்வில் வெளிப்பட்டன. கழிவு இருக்கும் இடம்தான் பட்டறை. கல் மூலப்பொருளாகவே கடல் தாண்டியிருக்கிறது. செய்யப்பட்ட வடிவங்களும் இரண்டே: மூன்று கூர்முனைகள் துருத்தி நிற்கும் பிளவு வளையம் ஒன்று, இரு விலங்குத் தலைகள் கொண்ட தொங்கட்டான் மற்றொன்று. ஒவ்வோர் ஊரும் தனித்தனியாகக் கற்பனை செய்திருந்தால் இத்தனை தொலைவில் இத்தனை ஒற்றுமை வந்திருக்காது. கல்லோடு கைத்திறனும், அனேகமாகக் கைவினைஞர்களும் படகேறியிருக்கிறார்கள்.

குடியேறியவர்கள் தாய்மண்ணின் கல்லைக் கொண்டுபோனார்கள், அவ்வளவுதானே என்றும் கேட்கலாம். தைவானிலிருந்து ஆஸ்ட்ரோனேசிய மொழிபேசும் மக்கள் ஃபிலிப்பைன்ஸுக்குப் போய்க் குடியேறியது ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்பு என்பது தொல்லியலாளர் பலரின் கருத்து. அந்தக் காலத்துத் தைவான் கல் வளையல்களும் மணிகளும் அங்கே கிடைப்பதற்கு இந்த விளக்கம் சரிதான். ஆனால் இரு வகைக் காதணிகள் பரவியது அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னால். பழைய வளையல்களை உடைத்து மறுபடி அறுத்திருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அரிய கல்லை யார்தான் வீணாக்குவார்? அப்படியே இருந்தாலும் அந்தத் துண்டுகள் தாய்லாந்து வரை போக ஒரு படகும், வழி தெரிந்த ஒருவரும், அங்கே அதற்கு மதிப்புக் கொடுக்கும் ஒருவரும் வேண்டும். புலம்பெயர்வு போட்ட பாதையில் பிற்காலத்தில் வணிகம் நடந்தது என்று கொள்வதே பொருந்துகிறது.

காவ் சாம் கேவில் இந்தக் கதை நம் பக்கம் திரும்புகிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டு முதல் செழித்த அவ்வூரில் பச்சைக்கல் பட்டறையோடு சூதுபவளமும் கண்ணாடியும் வேலைசெய்யப்பட்டன. சூதுபவளத்தை இழைத்துத் துளையிட்ட முறை இந்தியத் தொழில்முறை. மேற்கிலிருந்து வந்த கைவினைஞரும் கிழக்குத் தீவுகளின் கைவினைஞரும் ஒரே ஊரில் உழைத்திருக்கிறார்கள். தென்கிழக்காசியாவுக்கு இந்தியர் வந்த பிறகே அங்கே கடல்வணிகம் விழித்தது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. நம்மவர் போய்ச் சேர்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பச்சைக்கல் கடல் கடக்கத் தொடங்கிவிட்டது. ஏற்கெனவே புழங்கிய வழிகளோடுதான் நம் வணிகர்கள் இணைந்தார்கள். தாய்லாந்தின் மேற்குக் கரையில் குவான் லுக் பாட் என்னுமிடத்தில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்த பொற்கொல்லரின் உரைகல் கிடைத்தது. அதன் காலம் கி.பி. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டு. ஃபெங்தியன் கல் அதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே லூசோனை எட்டியிருந்தது.