வராத கையெழுத்து

2021 டிசம்பர் 4, சனிக்கிழமை. நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில் நிலக்கரிச் சுரங்க வேலை முடித்து, ஞாயிற்றுக்கிழமையை வீட்டில் கழிக்க எட்டுப் பேர் பிக்கப் வண்டியில் ஓட்டிங் கிராமத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தீவிரவாதிகளுக்காக வழியில் காத்திருந்த ராணுவச் சிறப்புப் படை அந்த வண்டியைச் சுட்டது. ஆறு பேர் இறந்தார்கள். தேடிவந்த ஊர்க்காரர்கள் உடல்களை ராணுவத்தினரின் வண்டியில் பார்த்ததும் மோதல் மூண்டது. மேலும் ஏழு கிராமத்தவரும் ஒரு ராணுவ வீரரும் இறந்தார்கள். மறுநாள் மோன் நகரில் இன்னொருவர் பலியானார்.

நிறுத்தச் சொல்லியும் வண்டி வேகமெடுத்தது என்று உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். யாரும் நிறுத்தச் சொல்லவேயில்லை என்றார் உயிர் பிழைத்தவர். இந்த முரண்பாடு சின்ன விஷயமல்ல. ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் 4-வது பிரிவு உயிர் போகும் அளவுக்குச் சுட அதிகாரம் தருகிறது. ஆனால் முன்னெச்சரிக்கை கொடுத்த பிறகே சுட வேண்டும். அதுவும் தடை உத்தரவை மீறுபவர் மீதுதான். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர் அதில் வரமாட்டார்.

மேலதிகாரி சொன்னார், சுட்டேன் என்றால் தப்பிவிடலாமா? பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ராணுவச் சட்டத்தின் 41-வது பிரிவு கீழ்ப்படியாமைக்குத் தண்டனை விதிக்கிறது. ஆனால் அது சொல்வது சட்டப்படியான கட்டளையை மீறுவதைப் பற்றி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 14-வது பிரிவும் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 76) ஒரு சிப்பாயையே உதாரணம் காட்டுகிறது: சட்டத்தின் ஆணைக்கு ஏற்ப அதிகாரி இட்ட கட்டளைப்படி கூட்டத்தைச் சுட்டால் குற்றமில்லை. சட்டத்தின் ஆணைக்கு ஏற்ப என்ற அந்தச் சொற்களில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மணிப்பூர் போலி மோதல் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றமும், சீருடை அணிந்தவருக்குக் குற்றவியல் விசாரணையிலிருந்து முழு விலக்கு கிடையாது என்றே சொன்னது.

அப்படியானால் தடை எங்கே? அதே சிறப்புச் சட்டத்தின் 6-வது பிரிவில். மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்கு நடத்த முடியாது. அனுமதி தரவோ மறுக்கவோ அந்தப் பிரிவு காலக்கெடுவும் வைக்கவில்லை. படையை அனுப்பிய அரசிடமே போய், படையினர் மேல் வழக்குப் போடலாமா என்று கேட்க வேண்டியிருக்கிறது! என் பார்வையில், கட்டளையைவிட இந்தக் கையெழுத்துதான் பெரிய கவசம்.

ஓட்டிங் வழக்கில் நடந்தது இதுதான். மாநிலக் காவல்துறையின் சிறப்புக் குழு 2022-ல் ஒரு மேஜர் உட்பட 30 ராணுவத்தினர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 2023-ல் மத்திய அரசு அனுமதி மறுத்தது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் குற்றவியல் நடவடிக்கைகளை முடித்துவைத்தது.

ராணுவ நீதிமன்றம் என்ற வழியும் உண்டு. காஷ்மீரின் பத்ரிபல்லில் 2000-ல் ஐந்து பேர் கொல்லப்பட்டது திட்டமிட்ட கொலை என்றது சிபிஐ. வழக்கு எங்கே நடக்கட்டும் என்ற தேர்வை 2012-ல் உச்ச நீதிமன்றம் ராணுவத்திடம் விட்டது. எடுத்துக்கொண்ட ராணுவம், போதிய ஆதாரம் இல்லை என்று 2014-ல் மூடிவிட்டது.

உச்ச நீதிமன்றத்தின் அந்த 2012 தீர்ப்பில், கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு உதவும் ஒரு விஷயமும் இருக்கிறது. நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுக்கும் கட்டத்தில்தான் அனுமதி தேவை. அதுவரையிலான விசாரணைக்குத் தேவையில்லை. ஆகவே, அனுமதி வரட்டும் என்று காவல் நிலையத்தில் சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. எஃப்ஐஆர் பதிவு செய்யச் சொல்லுங்கள். மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் எழுதலாம், ஆனால் படையினர் விஷயத்தில் அது மத்திய அரசிடம் அறிக்கை கேட்டுப் பரிந்துரைக்க முடியுமே தவிர, தானே புலனாய்வு செய்ய முடியாது. இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். அதற்குக் குற்றவியல் தண்டனை வரும்வரை காத்திருக்க வேண்டாம். ராணுவம் பிடித்துச் சென்று காணாமல்போன மணிப்பூர்க்காரர்கள் இருவரின் மனைவியருக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1984-லேயே உத்தரவிட்டிருக்கிறது.

பிரேதப் பரிசோதனை அறிக்கை, எஃப்ஐஆர் நகல், காயம்பட்டவரின் மருத்துவச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள், வழக்கு மூடப்பட்ட பிறகும். என்றாவது அனுமதி கிடைத்தால் நடவடிக்கையைத் தொடரலாம் என்று ஓட்டிங் தீர்ப்பிலேயே இருக்கிறது.