கை வீங்கி வந்த பையனிடம் ஒரு கேள்வி

கால்பந்து ஆடும்போது விழுந்து, மணிக்கட்டு வீங்கிப்போன 13 வயதுப் பையன் ஒருவனை அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் பார்த்தாயிற்று, பிரஷர் பார்த்தாயிற்று. அடுத்ததாக அப்பா, அம்மாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்கிறார் நர்ஸ். எல்லாப் பிள்ளைகளிடமும் இதைக் கேட்பது வழக்கம் என்று விளக்கிவிட்டுத்தான் அனுப்புகிறார். கதவைச் சாத்திவிட்டு வந்து, பையன் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்கிறார்: “கடந்த சில வாரத்துல, செத்துப் போயிடலாம்னு உனக்குத் தோணியிருக்கா?”

இப்படி நான்கே கேள்விகள். சாக ஆசைப்பட்டாயா, நீ இல்லாவிட்டால் வீட்டாருக்கு நல்லது என்று தோன்றியதா, கடந்த ஒரு வாரத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா, எப்போதாவது அதற்கு முயன்றதுண்டா? ஏதாவது ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றால் ஐந்தாவதையும் கேட்கிறார்கள்: இப்போது, இந்த நிமிஷம், அந்த எண்ணம் இருக்கிறதா? எல்லாமே ஏறக்குறைய 20 விநாடிதான். ஏ.எஸ்.க்யூ. எனப்படும் இந்தக் கேள்விகளை, அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த லிசா ஹொரோவிட்ஸ் குழுவினர் 2012-ல் வெளியிட்டார்கள்.

அதற்கு முன்பு மூன்று குழந்தைகள் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில், 10 முதல் 21 வயது வரையிலான 524 பேரிடம் 17 கேள்விகளைக் கேட்டுப் பார்த்து, அதிலிருந்து பொறுக்கியவை இந்த நான்கு. ஆபத்தில் இருப்பவர்களில் நூற்றுக்கு 97 பேரை இவை கண்டுபிடித்துவிட்டன. என்னை உலுக்கிய கணக்கு வேறு. அந்த 524 பேரில் 344 பேர் உடம்புக்கு முடியவில்லை என்று மட்டுமே வந்தவர்கள். மனநலப் பிரச்சினை என்று யாரும் அவர்களை அழைத்து வரவில்லை. அவர்களிலும் 14 பேர் தற்கொலை ஆபத்தில் இருந்தார்கள். கேட்காமல் விட்டிருந்தால், மருந்துச் சீட்டோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

‘சும்மா இருக்கிற பிள்ளை மனசில் நாமே விதைத்துவிட மாட்டோமா?’ என்ற பயம் பெற்றோருக்கு வருவது இயல்பு. நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளின் 2,342 மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். 2005-ல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது: கேட்டதால் அந்த எண்ணம் கூடியதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்கோ, கேட்டதால் தவிப்பு சற்றுக் குறைந்தே இருந்தது.

‘ஆமாம்’ என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு நடப்பதுதான் முக்கியம். கேட்டுவிட்டு, அடுத்துப் பேச ஆளில்லாமல் பிள்ளையைக் காக்க வைப்பது கேட்காததைவிடக் கொடுமை என்பேன். ஐந்தாவது கேள்விக்கும் ‘ஆமாம்’ என்றால், அந்தப் பிள்ளையைத் தனியே விடுவதில்லை. முழுமையான மனநலப் பரிசோதனை உடனே நடக்கும். ஐந்தாவதற்கு ‘இல்லை’ என்றவர்களோடு, வீட்டுக்கு அனுப்புமுன் பயிற்சி பெற்ற ஒருவர் 10, 15 நிமிடம் உட்கார்ந்து பேசுகிறார். வீட்டில் மருந்து மாத்திரைகளைப் பூட்டி வைப்பது வரை பெற்றோரிடம் சொல்லப்படுகிறது. 12 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோரையும் இப்படி விசாரிக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் 2022-ல் பரிந்துரைத்துவிட்டது.

சரி, பையன் எதுவுமே சொல்லாமல், வீங்கிய கையையே பார்த்துக்கொண்டிருந்தால்? பதில் சொல்ல மறுத்தால் அதையும் ‘ஆமாம்’ என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது வழிமுறை.

(இந்தியாவில் மனம் தவிப்பவர்களும் அவர்களின் வீட்டாரும் 14416 என்ற ‘டெலி மானஸ்’ இலவச எண்ணில், எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம்.)